சூட்டுச் சட்டையைத் திருப்பி அனுப்புவது பற்றி மாப்பிள்ளைக்கு

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை ஹௌகே அவர்களுக்கு, மாமனார் எம்மராம் எழுதுவது.

நீங்களும் ரெகினாவும் ஹாம்பர்க் மழையில் அதிகம் நனையாமல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு இடது முட்டியைத் தவிர எல்லாம் நலம். உங்கள் மாமியார் அஃப்ராவுக்கு என்னைத் தவிர எல்லாம் நலம். வாசல் பனியை இன்றைக்கு மூன்றாம் முறையாக அள்ளிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் அன்போடு கொடுத்த, பைக் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து மாட்டினால் உடம்புக்குச் சூடு கொடுக்கும் அந்தச் சூட்டுச் சட்டையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். தவறாக எண்ண வேண்டாம். பெண்ணைக் கட்டியவர் கொடுத்ததைக் காரணம் சொல்லாமல் திருப்புவது மரியாதை இல்லை என்பதால்தான் இத்தனை நீளம் எழுதுகிறேன்.

நானும் என் நண்பன் குவிரினும் முப்பத்தோரு வருடமாகப் பிப்ரவரியில் காட்டுப் பள்ளத்தில் நடக்கும் பைக்காரர்கள் கூட்டத்துக்குப் போகிறோம். பனியில் கூடாரம், அடியில் வைக்கோல், குடிக்கப் பட்டாணி சூப். காற்றைத் தடுக்க நெஞ்சுக்குச் செய்தித்தாள், அதுவும் சனிக்கிழமைத் தாள்தான், ஏனென்றால் அன்றைக்குத்தான் இரங்கல் அறிவிப்புகள் அதிகம், தாள் தடிமனாக இருக்கும். இரங்கல் பக்கம் நெஞ்சுக்கு நேராக வர வேண்டும் என்பது குவிரின் போட்ட சட்டம். "செத்தவங்கதான்டா காத்த நல்லா அடைப்பாங்க, அவங்களுக்கு வேற எங்கயும் போற வேலை இல்ல" என்பான். ஒயர் மாட்டிக்கொண்டு வருகிறவனைக் கண்டால் போதும், "என்ன தம்பி, இஸ்திரிப் பெட்டிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டியா?" என்று கேட்பான். பக்கத்தில் நின்று நான் வயிறு வலிக்கச் சிரிப்பேன். அப்படிச் சிரித்தவன் எந்த முகத்தோடு ஒயர் மாட்டுவது, சொல்லுங்கள்.

மரம் அறுக்கும் ஆலையில் நாற்பது வருடம் வேலை பார்த்து, பத்து விரலோடும் ஓய்வு பெற்ற ஒரே ஆள் நான். ரம்பத்துக்குத் தப்பிய விரல்கள் போன வருடம் குளிரிடம் மாட்டிக்கொண்டன. மலை வளைவில் பிரேக்கைப் பிடி என்று நான் சொல்கிறேன், விரல்கள் யாரோ அடுத்த வீட்டுக்காரனைக் கூப்பிட்ட மாதிரி சும்மா இருக்கின்றன. வண்டியோடு பனிக்குவியலுக்குள் போய்விட்டேன், கால் வண்டிக்கு அடியில். குளிர் முதலில் விரலைப் பிடிக்கும் என்பார்கள். அதற்கும் முன்பே அது புத்தியைப் பிடித்துவிடுகிறது, மாப்பிள்ளை. ஓரமாக நிறுத்திக் கையைத் தேய்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பே எனக்கு அன்று வரவில்லை. இதுவரை ரெகினாவுக்குத் தெரியும். அவளிடம் சொல்லாத ஒன்று உண்டு. குவிரின் எனக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தான். நான் விழுந்ததைப் பார்த்தான், வண்டியை நிறுத்தினான், ஆனால் இறங்கவில்லை. அரை நிமிடம் வண்டி மேலேயே உட்கார்ந்து தன் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகுதான் ஓடி வந்து என்னைத் தூக்கினான். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அந்த அரை நிமிடம் ஒரு வருடமாக என் தொண்டையில் மீன்முள் போல நின்றது. இந்த வருடம் போவதுதான் அவனோடு கடைசி என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

சட்டையைப் போடாமல் கிளம்பினால் வண்டியை விற்றுவிடுவேன் என்று உங்கள் மனைவி போனில் அழுதாள். சின்ன வயதில் கை ஒடிந்தபோதுகூட அழாதவள். அதனால் போட்டேன், ஆனால் குவிரினுக்குத் தெரியாமல். உள்ளே சட்டை, அதன் மேல் பனியன், அதன் மேல் இரங்கல் பக்கம், அதன் மேல் கோட்டு. வெளியே தெரியாமல் இருக்க ஒயரை இடுப்புவாரில் இரண்டு சுற்று சுற்றி இறுக்கி முடிச்சும் போட்டேன். "உள்ள கரெண்டு, மேல பேப்பரு. நீங்க கூட்டத்துக்குப் போறீங்களா, இல்ல அடுப்பு பத்த வைக்கப் போறீங்களா?" என்று கேட்டாள் அஃப்ரா. முதல் இருபது கிலோமீட்டர் சொர்க்கம். முப்பத்தோரு வருடம் போன பாதையில் ஒரு சின்ன மாதா கோயில் இருப்பதை இந்த வருடம்தான் பார்த்தேன், அதற்கு முன் பல்லைக் கடிப்பதிலேயே கவனம். அப்புறம்தான் தெரிந்தது, சூட்டைக் குறைக்கிற பொத்தான் கோட்டுக்கும் பேப்பருக்கும் அடியில் மாட்டிக்கொண்டது, அதுவும் உச்சத்தில். நிறுத்தினால் குவிரின் ஏன் என்று கேட்பான். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று, உள்ளே நான் அடுப்பில் வைத்த வாத்து மாதிரி வெந்துகொண்டே அறுபது கிலோமீட்டர் போனேன். வேர்த்ததில் மை கரைந்து, யாரோ ஒரு பேக்கரிக்காரர் காலமான செய்தி என் பனியனில் திருப்பிப் போட்டு அச்சாகிவிட்டது. இரண்டு முறை துவைத்தும் அவர் போகவில்லை.

பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். ஒயர் நினைவே இல்லாமல் இறங்கி இரண்டடி வைத்தேன். ஒயர் இழுத்தது, நான் மல்லாந்து பனியில் விழுந்தேன், வண்டி என் மேல் சாயலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு நின்றது. குவிரின் எல்லாவற்றையும் பார்த்தான். சிரிப்பை எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். சிரிப்பு வரவில்லை.

"ஒயரா?" என்றான்.

"ஒயர்தான். சிரிச்சுத் தொலை."

"கொஞ்சம் இங்க வாயேன்டா."

"நீ இறங்கி வந்து தூக்கு. போன வருஷம் மாதிரி உக்காந்துட்டே பாக்காத."

வாய் தவறி வந்துவிட்டது. அவன் முகம் விழுந்துவிட்டது. தன் கோட்டு ஜிப்பைக் கீழே இழுத்தான். சனிக்கிழமைத் தாள் இருந்தது. தாளுக்குப் பின்னால் ஒயர் இருந்தது.

"நாலு வருஷமாச்சு எம்மராம். நீ விழுந்தப்ப, இத நீ பாக்காம கழட்டிட்டு வரணும்னு தடவிட்டிருந்தேன். அவசரத்துல பிளக்கு கைக்குச் சிக்கல. நீ வண்டிக்கு அடியில கெடக்கற, நான் இங்க என் மானத்தக் காப்பாத்திட்டிருக்கேன். அதுக்குள்ள உனக்கு ஒண்ணு ஆகியிருந்தா? ஒரு வருஷமா இதேதான்டா மண்டையில ஓடுது."

அழுதான், மாப்பிள்ளை. நானும்தான். பங்கில் இருந்த அம்மா, யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து இரண்டு காப்பி கொண்டுவந்து கொடுத்தார். என் கோபம் போன இடம் தெரியவில்லை, ஆனால் அந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது. நாலு வருடமாக அவன் ஒளித்தது யாரிடமிருந்து? பக்கத்தில் நின்று சிரித்த என்னிடமிருந்துதானே.

கூடாரத்தில் வைக்கோல் மேல் உட்கார்ந்து இருவரும் கை அடித்துக்கொண்டோம்: இனி நமக்குள் ஒளிவுமறைவு கிடையாது, அடுத்த வருடத்திலிருந்து ஒயரும் கிடையாது, வெறும் பேப்பர்தான். ஆகவே உங்கள் சட்டை திரும்பி வருகிறது. அதன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

நீங்களும் ரெகினாவும் நூறு பனிக்காலம் பார்த்து, ஒரு பல்லும் ஒரு விரலும் குறையாமல் வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,
மாமனார் எம்மராம்

பின்குறிப்பு: பெட்டியில் வைக்கச் சட்டையை மடித்தபோது உள்ளேயிருந்து ஒரு விளக்கத்தாள் விழுந்தது. அஃப்ரா கண்ணாடி போட்டு உரக்கப் படித்தாள். ஒயரை எதிலும் கட்டக் கூடாதாம். கட்டாமல் விட்டால், எழுந்து நடந்ததும் பிளக் தானாகவே கழன்றுகொள்ளுமாம். உடனே குவிரினுக்குப் போன் போட்டேன். அவனுடையதும் அதே மாதிரிதான், அவனும் தாளைப் படித்ததில்லை.  "அப்போ நான் சும்மா எழுந்து ஓடி வந்திருக்கலாமாடா?" என்றான். வந்திருக்கலாம் என்றேன். "அடுத்த வருஷம் விழுந்து பாரு, எப்படி ஓடி வர்றேன்னு" என்றான். ஒயர் கிடையாது என்று கை அடித்தது அதோடு போயிற்று. ஆகவே பெட்டியில் சட்டை இருக்காது, அஃப்ரா புகை போட்ட பன்றிக்கறிதான் இருக்கும். எனக்கு விழுகிற உத்தேசம் இல்லை. கையுறையிலும் இந்த மாதிரி ஒயர் வைத்து வருகிறதாமே, அதில் இரண்டு ஜோடி அனுப்பி வையுங்கள். ஒன்று அவனுக்கு.