ஆளை முழுங்கிய பொட்டி

ராயபுரத்தில் காதுள்ள மனிதர்கள் இரண்டே வகை. ரெண்டு பொட்டி மாமுவிடம் மாட்டிக்கொண்டவர்கள், இனிமேல் மாட்டப்போகிறவர்கள். எனக்குத் தப்பிக்க வழியே இல்லை. அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும். எந்நேரமும் இரண்டு சிடி பிளேயர்களை அக்கம்பக்கமாக வைத்துக்கொண்டு, எதில் சத்தம் சுத்தம் என்று ஆராய்ச்சி செய்வதால் வந்த பட்டம் அது. ஒன்று பர்மா பஜாரில் வாங்கிய மலிவுப் பொட்டி, அது நிரந்தரம். பக்கத்தில் இருப்பது மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். கப்பலில் வேலை பார்க்கும் மச்சான் மகன் கொண்டுவந்தது, பெரம்பூர் ரயில்வே தோஸ்திடம் இரவல் வாங்கியது என்று மாசத்துக்கு ஒரு புது மாப்பிள்ளை வந்து இறங்கும். உலகமே போனில் பாட்டுக் கேட்கிற காலத்தில் எங்கள் தலையெழுத்து இப்படி.

ஞாயிறு பூசை முடிந்து வருகிறவர்களை வாசலில் நின்று மடக்குவார். இரண்டு பொட்டியையும் ஒரே லுங்கியால் மூடிவிடுவார். ஒரே ஆம்ப்ளிஃபையர், ஒரே ஸ்பீக்கர், ஒரே அளவு சத்தம். ஓரவஞ்சனை கூடாதாம். முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று. எது நன்றாக இருக்கிறது என்று சொல்லாமல் ஒருத்தரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியாது.

நாங்கள் எல்லோரும் மலிவுப் பொட்டிக்கே ஓட்டுப் போடுவோம். லுங்கிக்குள் அது எது என்று கண்டுபிடிப்பதில் கஷ்டமே இல்லை. தட்டு சுற்றத் தொடங்கும்போது ஷேர் ஆட்டோ கிளம்புவது போல ஓர் உறுமல் வரும்.

மாமு தலையில் அடித்துக்கொள்வார்.

"அது இன்னா காதா, கம்மல் மாட்ற ஆணியா? இதுல எல்லார் கொரலும் கூட்டாஞ்சோறு மாதிரி கலந்து கீது. நல்ல பொட்டின்னா ஒவ்வொரு கொரலும் தனியா நிக்கணும் நைனா."

அவருக்குத் தனியாக நிற்க வேண்டியது ஒரே ஒரு குரல். அவர் போடுவதும் ஒரே ஒரு சிடிதான். எங்கள் கோயில் திருவிழாவுக்காகப் பாடகர் குழு பாடிப் பதிவு செய்தது. அந்தக் குழுவில் அவர் மனைவி பிலோமினா அக்காவும் உண்டு. அக்கா இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. அவர் குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை. அத்தனை பேருக்கு நடுவிலிருந்து அக்காவைப் பிரித்தெடுத்து ஒரு வரியாவது கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அந்த மனுஷனுக்கு. மலிவுப் பொட்டி அக்காவை ஒளித்து வைத்திருக்கிறது என்பது அவர் கட்சி.

கொடுமை என்னவென்றால், அந்த சிடியில் அக்கா பாடவே இல்லை.

அக்கா தங்கமான மனுஷி. ஆனால் வாயைத் திறந்து பாடினால் துறைமுகத்தில் நிற்கிற கப்பல் பதிலுக்கு ஹாரன் கொடுக்கும். பதிவு நாளன்று கொயர் மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டு, வாயை மட்டும் அசைக்கச் சொல்லிவிட்டார். அக்காவும் சிரித்துக்கொண்டே அசைத்தார். முடிந்ததும் கூடப் பாடிய பெண்களிடம், "வூட்ல சொல்லிடாதீங்கடி, அந்தாளு ஒடஞ்சி பூடும்" என்றார். பக்கத்தில் நின்று பாடிய என் மனைவி சொல்லித்தான் எனக்கே தெரியும். மாமுவுக்கு மட்டும் அக்காவின் பாட்டு அமிர்தம். காதல் முற்றினால் காதைத்தான் முதலில் தாக்கும் போலிருக்கிறது.

அக்காவுக்குக் கொடுத்த வாக்கைத் தெருவே காப்பாற்றியது. விலை கூடின பொட்டியில் ஒன்றுமே இல்லை என்று நம்பவைத்துவிட்டால் தேடுவதை நிறுத்திவிடுவார் என்பது எங்கள் திட்டம். அவரோ எங்கள் காதுகளுக்காக வருத்தப்பட்டுவிட்டு, அடுத்த பொட்டி தேடப் போவார்.

மச்சான் மகன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஊரின் தெற்குப் பக்கம் ஒரு கடை, அங்கே ஒரு பிளேயர், அந்த விலைக்கு ஆட்டோவே வாங்கலாம், நம் சிடியைக் கொண்டுபோனால் போட்டுக் காட்டுவார்கள் என்று சொல்லிவிட்டான். மாமு என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். மழை வரும் என்றேன். முட்டிவலி என்றேன். எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன என்றேன். நாம் போவது எதிர்ப்பக்கம் என்றார். அந்தப் பொட்டிமேல் டீயைக் கொட்டிவிடச் சொல்லி என் மனைவி யோசனை கொடுத்தாள். அங்கே டீயே கொடுக்கவில்லை.

கடைக்குள் மெத்தை வைத்துத் தைத்த சுவர், கனத்த கதவு. கதவைச் சாத்தியதும் மாமு பயந்துபோய் மின்விசிறியைத் தேடினார். எங்கள் பக்கம் அவ்வளவு அமைதி என்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். கடைக்காரர் நல்ல மனிதர். அட்டையில் இருந்த திருவிழாத் தேர்ப் படத்தைப் பார்த்து முகம் சுளிக்காமல் சிடியைப் போட்டார்.

பொய் சொல்லக் கூடாது. பொட்டி என்றால் அது பொட்டி. எங்கள் பெண்கள் எதிர்ச் சுவரோரம் வரிசையாக வந்து நின்று பாடுவது போலிருந்தது. மாமு கண்ணை மூடிக்கொண்டு, விரலால் காற்றில் ஒவ்வொருவராகத் தொட்டுக்கொண்டே வந்தார். இது லூர்து, இது மீன்கார ரோஸி, இது உன் வூட்டுக்காரி, மூச்சு வாங்குறா பார் என்றார். என் மனைவியைத் தாண்டியதும் விரல் நின்றுவிட்டது. முதலிலிருந்து போடச் சொன்னார். அப்புறம் மறுபடியும்.

"உன் வூட்டுக்காரி பக்கத்துல ஒரு ஆளு எடம் காலியா கீது நைனா."

"பொட்டி சரியில்ல மாமு" என்றேன். கடைக்காரர் பதறிப்போய் வாயைத் திறப்பதற்குள் மாமு அவர் பக்கம் திரும்பினார்.

"இன்னா பொட்டி சார் வெச்சிகினு கீறீங்க? ஆளையே முழுங்குது."

சிடியைச் சட்டையில் துடைத்து உறைக்குள் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

பஸ் பாரிமுனை தாண்டும்வரை சிடி உறையிலிருந்த தேர்ப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவை அடக்கம் செய்த அன்றுகூட அந்த முகம் அப்படி இல்லை. இந்தப் பொட்டியைக் கண்டுபிடித்தவன் நல்லா இருப்பானா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சொல்லாதீங்கன்னாளா?"

தலையாட்டினேன்.

"அப்ப எனக்குத் தெரியும்னு நீயும் தெருவுல சொல்லாத. பாவம், எல்லாம் பேஜாராயிடுவாங்க."

அடுத்த ஞாயிறு வழக்கம்போல் லுங்கி, வழக்கம்போல் ஓட்டு. உறுமின பொட்டிதான் ஜெயித்தது. மாமு தலையில் அடித்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "கரெக்ட்டு. இதுலதான் அவ கீறா" என்றார். ஒருவழியாக நம்பிவிட்டார் என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இரவல் பொட்டி பெரம்பூருக்கே திரும்பிப் போயிற்று. இதையெல்லாம் எழுதலாமா என்று யோசித்தேன். எங்கள் தெருவில் இந்தப் பத்திரிகை வாங்குகிறவன் நான் ஒருவன்தான், பயமில்லை.

நேற்று சாயங்காலமும் சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டுக் கேட்டது. எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிலோமினா அக்கா பாடிக்கொண்டுதான் இருக்கிறார். கொஞ்சம் சுருதி விலகித்தான், ஆனால் எனக்கும் கேட்கிறது.