டார்ச்சுக்கு அமைத்த விசாரணைக் கமிஷன்

‘இந்த முறை என் டார்ச் அணையாது!’ என்று ஸ்ரீராம்புரம் சுவர்களில் எல்லாம் நோட்டீஸ் ஒட்டினேன். காரணம் இருந்தது.

எங்கள் சந்தில் பொழுது சாய்ந்தால் கரண்ட் போய்விடும். அதைக் கண்டித்து, பட்டப்பகலில் மின்சார அலுவலகத்துக்குள் டார்ச் அடித்துக் கரண்டைத் தேடும் போராட்டம் நடத்தினேன். மேஜைக்கு அடியில் தேடினேன். பீரோவுக்குப் பின்னால் தேடினேன். இஞ்சினியரின் முகத்தில் தேடப் போனபோது டார்ச் உயிரை விட்டது.

"பேட்டரி ஹோய்தா ஸ்வாமி?" போய்விட்டதா என்று கன்னடத்தில் கேட்டு, அந்த ஆள் தன் தீப்பெட்டியை எடுத்து என் கையில் வைத்தான். பின்னால் நின்ற என் தொண்டர்களே சிரித்தார்கள். மில் வாசலில் லத்தியடி பட்டும் நிமிர்ந்து நின்றவன் நான். ஒரு தீப்பெட்டி என்னைக் குனிய வைத்தது.

ஆகவே பெரிய டார்ச் ஒன்று வாங்கினேன். இங்கிருந்து அடித்தால் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவன் விடிந்துவிட்டது என்று பல் தேய்ப்பான். அதற்கு இரண்டு வகை ரீசார்ஜ் பேட்டரி பொருந்தும். ஒன்று ஈயம், செங்கல் கனம். மற்றது நிக்கல், சோப்புக்கட்டி கனம். எது நின்று எரியும்? கடைக்காரனைக் கேட்டால், "ரெண்டும் சூப்பர் சார்" என்றான். தேர்தல் நேரத்தில் இப்படிப் பேசுகிற ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் வாங்கினேன்.

"நிக்கல்தான் தலைவரே. ஃபாரின்காரன் அதைத்தான் யூஸ் பண்றான்" என்றான் அடுத்த வீட்டு டொமினிக்.

ஃபாரின்காரன் தும்மினால் இவன் மூக்கைத் துடைத்துக்கொள்வான். நான் ஈயத்தின் பக்கம். உழைக்கிறவனுக்குக் கனம் இருக்கும்.

"டெஸ்ட் வெச்சுப் பாத்துடலாம்" என்றேன்.

என் மனைவி சரசு ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். கம்பெனிக்கு வீட்டிலிருந்தே உருட்டிக் கொடுக்கிற வேலை.

"ஏங்க, சாயங்காலம் நீங்க சங்க ஆபீஸுக்குப் போயிடுவீங்க. எது எவ்ளோ நேரம் எரியுதுன்னு யாரு உக்காந்து பாக்குறது?"

"அதான் யோசிக்கிறேன்."

"நான் பாக்குறேன். ஒருநாள் ஈயம், ஒருநாள் நிக்கல். நீங்க சங்க ஆபீஸ்ல சார்ஜ் போட்டு மட்டும் கொண்டாந்து குடுங்க."

அரசியல் தெரியாதவளுக்கு அறிவியலாவது பிடித்ததே என்று நெஞ்சு விம்மியது.

முதல் சுற்று முடிந்தது. "எது ஜெயிச்சுது?"

"ஈயம். நிக்கலு சீக்கிரமே போயிடுச்சு. ஆனா..."

"ஆனா என்ன ஆனா? தீர்ப்பு வந்தாச்சு!"

"அது புதுசுங்க. வேலைக்கு வந்த மொத நாளே தகுதியில்லன்னு ஒருத்தனைத் துரத்தலாமா? நீங்கதானே மேடையில கேப்பீங்க?"

கேட்பேன்தான். மறு சோதனை. இம்முறை நிக்கல் ஜெயித்தது.

"ஈயத்துக்கு முழு சார்ஜ் இல்லீங்க. அரை வயித்தோட வேலை வாங்கிட்டு, தோத்துட்டான்னு சொல்றது முதலாளி புத்தி."

மறுபடியும் சோதனை. பிறகு மழை வந்தது. ஈரத்தில் எடுத்த முடிவு செல்லாது என்றாள். பிறகு வெயில் வந்தது. மழையில் ஓடியதற்கும் வெயிலில் ஓடியதற்கும் ஒரே அளவுகோலா என்றாள். அத்தனையும் என் மேடைப் பேச்சு. மறுக்க வழியில்லை. தினமும் பேட்டரியைத் தோள்பையில் சுமந்தேன்.

"என்ன தலைவரே, டிபன் கேரியர் கனமோ?" என்றான் டொமினிக்.

விடிந்தால் மின்சார அலுவலகத்துக்கு மறுபடி ஊர்வலம். தீர்ப்பை வாங்கியே தீருவது என்று வழக்கத்தைவிடச் சீக்கிரமே வீட்டுக்கு வந்தேன். சந்து முழுக்க இருட்டு. என் வீட்டில் மட்டும் கல்யாண வெளிச்சம். துணிக்கொடியில் டார்ச் தலைகீழாகத் தொங்கியது. அதன் கீழே சந்துப் பெண்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

நிர்வாகங்கள் விசாரணைக் கமிஷன் போட்டு என்னை இழுத்தடித்ததுண்டு. ஒவ்வொன்றையும் முதல் வாரமே கண்டுபிடித்துக் கிழித்தவன் நான். இதைக் கண்டுபிடிக்க ஒரு மழைக்காலம் ஆகியிருக்கிறது.

"சரசு! இதுதான் சோதனையா?"

"ஆமாங்க. வெளிச்சம் வேலைக்கு ஆகுதான்னு பாக்க வேணாமா?"

"நாளைக்கு ஊர்வலம். டார்ச்சைக் குடு!"

டொமினிக்கின் மனைவி ஜோசஃபின் எழுந்தாள். "அதைக் குடுத்துட்டு நாங்க இருட்டுல உருட்டறதாண்ணா? சரசக்கா தலைமையில சங்கம் வெச்சிருக்கோம்."

எல்லாரும் கை உயர்த்தினார்கள். "வேண்டும் வேண்டும்! சார்ஜ் போட்ட பேட்டரி வேண்டும்!" இழுப்பு, ஏற்றம், இறக்கம் எல்லாம் என்னுடையது.

‘உழைப்பவர் கோரிக்கை எதையும் நான் மறுத்ததில்லை’ என்று என் நோட்டீஸிலேயே அச்சடித்திருந்தேன். சரசு அதைத்தான் ஊதுபத்தி மாவுக்கு அடியில் விரித்திருந்தாள். மாவை ஒதுக்கி, அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினாள்.

மறுநாள் வெறுங்கையோடா போவேன்? "உன் தீப்பெட்டியாலேயே உன்னை அம்பலப்படுத்துகிறேன்!" என்று இஞ்சினியர் முன்னால் முழங்கி, அன்று அவன் கொடுத்த தீப்பெட்டியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் திறந்தேன்.

உருட்டிய ஊதுபத்தி ஒழுங்காக எரிகிறதா என்று பார்க்க, தீக்குச்சிகளையெல்லாம் சரசு முன்பே கிழித்துத் தீர்த்திருந்தாள்.