புல்வெட்டும் வண்டியில் உட்கார்ந்தபடி ஒரு ஜெபம்

வண்டி ஓட்டத் தெரியும் என்கிறவனிடம் நிறுத்தத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. என்னிடம் கேட்டார்கள். தெரியும் என்று சொல்லித் தொலைத்தேன்.

முக்கூடலுக்குப் பக்கத்தில், ஆற்றை ஒட்டிய கிராமம் எங்களுடையது. கோவில் வளாகம் பெரியது (தேவாலயத்தை நாங்கள் கோவில் என்றுதான் சொல்வோம்). ஐப்பசி மழை பெய்து முடிந்தால் அங்கே புல் முழங்கால் உயரம் நிற்கும். அதைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு வெகுகாலமாக ஊர் ஆடுகளிடம் இருந்தது. வெளிநாட்டில் குடியேறிவிட்ட எங்கள் சபைக்காரர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது, ஆடுகள் கோவில் படியில் படுத்து அசைபோடுவதைப் பார்த்து மனம் நொந்துபோனார். திரும்பிப் போனதும் கப்பலில் ஒரு வண்டியை அனுப்பிவிட்டார். உட்கார்ந்து ஓட்டிக்கொண்டே புல் வெட்டும் வண்டி. பார்க்கக் குட்டி டிராக்டர் மாதிரி இருக்கும். அடிவயிற்றில் கத்தி சுழலும், வெட்டின புல் வலது பக்கத்து வாய் வழியாகச் சிதறிப் பறக்கும்.

அசனத்தன்று இதை ஜெபித்துப் பிரதிஷ்டை செய்வதென்று முடிவானது. அசனம் என்றால் ஊரே வரிசையாக உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடும் நாள். வண்டியை ஓட்டிக் காட்ட ஆள் வேண்டும். பாளையங்கோட்டையில் பைக் ஷோரூமில் வேலை பார்க்கும் எட்வினை விட்டால் வேறு யார் என்று எல்லோரும் சொன்னார்கள். எட்வின் என்பது நான்தான். (ஷோரூமில் நான் பில் போடுகிறவன். அதை அந்த நேரத்தில் சொல்லவில்லை.)

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அன்றைக்குத் திசையன்விளையிலிருந்து பியூலா வீட்டார் வருவதாக இருந்தது. பியூலாவை ஒரு உறவுக்காரர் கல்யாணத்தில் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு முன் இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. பையனுக்கு நிதானம் பத்தாது என்று இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி சொல்லியனுப்பியிருந்தார்கள். பெண் பார்க்க நாங்கள் போகும் முன்னால், பையன் எப்படி என்று அசனத்துக்கு வருகிற சாக்கில் பார்த்துவிட்டுப் போக அவர்கள் நினைத்திருந்தார்கள். இந்த இடமாவது அமைய வேண்டும் என்று அம்மா உபவாசமே இருந்தாள். பெரிய எந்திரத்தின் மேல் கம்பீரமாக உட்கார்ந்து வந்து இறங்கினால் யாருக்குத்தான் பெண் கொடுக்கத் தோன்றாது என்று நான் கணக்குப் போட்டேன்.

போனில் வீடியோ பார்த்து வண்டியைப் படித்தேன். எப்படிக் கிளப்புவது, கியர் எங்கே, கத்தியைச் சுழலவிடும் குமிழ் எது, எல்லாம் அத்துப்படி. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கம்பியின் மேல்முனையில் முயல் படமும் கீழ்முனையில் ஆமை படமும் போட்டிருந்தது. முயலில் வைத்தால் எஞ்சின் அலறும். வீடியோவின் கடைசிப் பகுதி வந்ததும், லைக் போடுங்கள், ஷேர் பண்ணுங்கள் என்று சொல்லும் இடமாக இருக்கும் என்று மூடிவிட்டேன். நிறுத்துவது எப்படி என்று அங்கேதான் சொல்லியிருக்கிறார்கள்.

அசனத்தன்று காலையில் ஐயர் என்னைக் கூப்பிட்டார். எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்போம்.

"ஏலே எட்வின், நிப்பாட்டத் தெரியும்லா?"

"தெரியும் ஐயா."

ஏற்பாடு இதுதான். நான் வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் புல் வெட்டிக்கொண்டு வந்து பந்தல் முன்னால் வண்டியை அணைக்க வேண்டும். பிறகு ஐயர் ஜெபிப்பார். பிறகு சாப்பாடு.

சுற்றினேன். அலங்கார வளைவுக்குள் நுழையும் தேர் மாதிரி வந்தேன் என்று இன்றும் நம்புகிறேன். பந்தலுக்கு முன்னால் பெரியவர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் பியூலாவின் அப்பா, தும்பைப்பூ வேட்டி சட்டையில். திசையன்விளையில் கருப்பட்டி வியாபாரம் செய்கிறவர். தங்கள் ஊரில் இந்த வண்டியை விட்டால் செம்மண்தான் பறக்கும் என்று என் அப்பாவிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பின் வரிசையில் பியூலா. கியரை எடுக்காமலே பிரேக் பெடலை மிதித்தேன், வண்டி நின்றது. எஞ்சின் முயலில் அலறிக்கொண்டிருந்தது, கத்தியும் சுழன்றுகொண்டிருந்தது. எதை முதலில் நிறுத்துவது, குமிழையா, முயலையா, சாவியையா என்று யோசித்தேன்.

ஐயருக்கு வண்டி நின்றது தெரிந்தது, அது போதும். கறி வெந்துவிட்ட வாசனை வேறு வந்துகொண்டிருந்தது. மைக்கில் ஏதோ சொல்லிவிட்டுக் கையை உயர்த்தினார். எஞ்சின் சத்தத்தில் எனக்குக் காதில் விழுந்தது "ஜெபிப்போம்" என்ற ஒரு சொல்தான்.

இங்கே என் வளர்ப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சின்ன வயதில் ஜெப நேரத்தில் கண்ணைத் திறந்தால் அம்மா தொடையில் கிள்ளுவாள். கிள்ளு என்றால் கன்றிப்போன நிறம் ஒரு வாரம் மாறாது. "ஜெபிப்போம்" என்று கேட்டால் என் இமை என்னைக் கேட்காமலே மூடிக்கொள்ளும். அன்றும் மூடிக்கொண்டது. தலை குனிந்தது, உடம்பு தளர்ந்தது. உடம்போடு சேர்ந்து பெடலை மிதித்திருந்த காலும் தளர்ந்தது.

வண்டி பைய நகர்ந்தது. ஜெபத்தின் உருக்கத்தில் உடம்பு அசைகிறது என்று நினைத்துக்கொண்டேன். அது பெரியவர்களின் வரிசை நெடுக, வலது பக்கத்து வாயை அவர்கள் பக்கம் காட்டியபடியே போயிருக்கிறது. மழை ஈரத்தோடு நறுக்கின புல் அத்தனை வேட்டி சட்டையிலும் விழுந்திருக்கிறது. எங்கள் ஊர்ப் பெரியவர்களைப் பற்றி நான் பெருமையாகச் சொல்வேன், ஒருவர்கூடக் கண்ணைத் திறக்கவில்லை. அவர்களுக்கும் கிள்ளுகிற அம்மாக்கள் இருந்திருப்பார்கள்.

பந்தல் கால் மூங்கிலில் வண்டி மோதினபோது நான் கண்ணைத் திறந்தேன். பந்தல் ஒரு பக்கம் சாய்ந்தது. பதறிப்போய்ச் சாவியைத் திருகினேன். முயலில் அலறுகிற எஞ்சினை அப்படித் திடீரென்று அணைக்கக் கூடாதாம். எரியாமல் மிஞ்சின பெட்ரோல் சூடான சைலன்சருக்குள் போய்த் தீப்பிடித்து வெடித்தது. சரியாக ஐயர் ஆமென் சொன்ன நேரம்.

சமையல்காரர் ஏதோ குண்டு என்று நினைத்து, கையில் இருந்த ஒரு குடம் தண்ணீரை அடுப்பில் கொட்டிவிட்டார். சோறு வேக அதன்பின் வெகுநேரம் ஆனது. ஊரே பசியோடு என்னைப் பார்த்தது. பியூலாவின் அப்பா மெதுவாகக் கண்ணைத் திறந்து, தோளிலும் தலையிலும் இருந்த பச்சைப் புல்லைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இந்த இடமும் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கருப்பட்டி வியாபாரி நேராக என் அப்பாவிடம் போனார். தலையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஓடுத வண்டியில உக்காந்துக்கிட்டு, ஜெபம்னதும் கண்ண மூடுதான் அண்ணாச்சி. இப்படி ஒரு பையன நான் எங்க போய்த் தேட? எனக்குச் சம்மதம்."

அம்மா அங்கேயே முழங்காலில் நின்றுவிட்டாள். கிள்ளியது வீண்போகவில்லை.

சாப்பாட்டுக்குக் காத்திருந்த நேரத்தில் ஐயர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வண்டியோடு வந்த புத்தகத்தைப் படித்தார். முதலில் கத்தியை நிறுத்த வேண்டும். பிறகு கம்பியை ஆமைக்கு இறக்கி, எஞ்சின் கொஞ்சம் மூச்சுவிடும்வரை பொறுக்க வேண்டும். அப்புறம்தான் சாவி. பிரேக்கைப் போட்டுவிட்டுச் சாவியைக் கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். (இன்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மனப்பாட வசனம் மாதிரி ஒப்பிப்பேன்.) கடைசிப் பக்கத்தில் அவர் நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கத்தி சுத்துதப்ப ஆளு சீட்ட விட்டு எழும்பினா எஞ்சின் தானா நின்னு போவுமாம்லே. எல்லாரும் எழும்பி நின்னு ஜெபிப்போம்னுதான் நான் சொன்னேன். சபையில எழும்பாத ஒரே ஆளு நீதான்."

கல்யாணம் ஆன பிறகு ஒருநாள் பியூலா நடந்தது முழுவதையும், கால் தளர்ந்ததிலிருந்து மூங்கில் வரை, ஒன்றுவிடாமல் சொன்னாள். அப்படியென்றால் நீ ஜெபத்தில் கண்ணை மூடவில்லையா என்று கேட்டேன்.

"மாப்பிள்ள பாக்கத்தான வந்தேன். கண்ண மூடிக்கிட்டு எப்படிப் பாக்க?"

நிதானமில்லாமல் என் கால் தளர்ந்த கதையை அவள் தன் அப்பாவிடம் சொல்லாமல் இருக்கத்தான் பத்து வருடமாக அவள் சொன்னதையெல்லாம் கேட்டு நடக்கிறேன் என்று நினைத்திருந்தேன். மாமனார் போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சாயங்காலக் குடும்ப ஜெபத்துக்கு எல்லோரும் பாயில் உட்கார்ந்தோம். என் மகள் "ஜெபிப்போம்" என்றாள். நான் கண்ணை மூடினேன். ஜெபம் தொடங்கவே இல்லை. திறந்து பார்த்தால் மாமனார் கண்ணை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பியூலா எல்லாத்தையும் அன்னைக்கே ஊருக்குத் திரும்பும்போதே சொல்லிட்டா மாப்பிள்ள," என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "உங்க அப்பாவ மொதல்ல எழும்பச் சொல்லும்மா. அப்பதான் நான் கண்ண மூடுவேன்."

அதிலிருந்து எங்கள் வீட்டு ஜெபத்தில் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். நான் மட்டும் நிற்கிறேன்.