உப்புக் கம்பெனிக்கு ஒரு முதலாளி

"கொக்கி மாத்தக் குடுத்த சங்கிலி இன்னுமா வரல? என் தம்பி கல்யாணத்துல வெறுங்கழுத்தோட போய் நிக்கச் சொல்றியா?"

குப்பம்மாள் கேட்டதும் தெய்வசிகாமணிக்குக் குடித்த கூழ் புரையேறியது. மரக்காணம் உப்பளத்தில் அத்தனை ஆட்களையும் அதட்டி வேலை வாங்கும் மேஸ்திரி அவர். வீட்டில் மட்டும் குரல் எழும்பாது.

"பத்தர் ஊருக்குப் போயிருக்காரும்மே. வந்துரும்."

பத்தர் எங்கேயும் போகவில்லை. சங்கிலிதான் போயிருந்தது. மாசி மாதம் ஒரு மத்தியானம் உப்பளத்திலிருந்து பாண்டி பஸ்ஸுக்குத் தலைதெறிக்க ஓடிய மேஸ்திரி, அதை விற்று 'முத்தழகி உப்பு' கம்பெனியின் ஷேரை வாங்கிப் போட்டிருந்தார். இந்த உப்பளத்து உப்பையும் வேறு ஊர் உப்பையும் வாங்கிப் பொடித்து பாக்கெட் போட்டு விற்கிற கம்பெனி அது. உப்பு இல்லாமல் எவன் சோறு தின்பான், இதில் எப்படி நஷ்டம் வரும் என்பது அவருடைய கணக்கு.

வந்துவிட்டது. அந்த 2006 வைகாசியில் ஷேர் விலை பாதாளத்தில் கிடந்தது. மேஸ்திரி பூத்துக்கு ஓடி, பாண்டி ஏஜென்டுக்கு போன் போட்டார்.

"வாங்குனது நீங்க. நஷ்டமும் உங்களுதுதான் சார்."

"கம்பெனிய நடத்துறது நானாய்யா?"

"ஷேர் வச்சிருக்கீங்கல்ல? நீங்களும் ஒரு முதலாளிதான் சார்."

முதலாளி என்றதும் மேஸ்திரிக்கு ஜிவ்வென்று ஏறியது. முதலாளியே கம்பெனியைக் கைவிடலாமா? வியாபாரம் ஏறினால் விலையும் ஏறாதா? நேராகக் கூனிமேடு கடைத்தெருவுக்குப் போய், இருந்த முத்தழகி பாக்கெட்டையெல்லாம் கேட்டார். கடைக்காரர்கள் தூசி தட்டி, ரொம்ப சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தார்கள். குப்பம்மாள் தம்பியின் கல்யாணச் சீருக்கு வைத்திருந்த பணமும் அதோடு கரைந்தது.

சைக்கிளில் வந்திறங்கிய மூட்டைகளைப் பார்த்துக் குப்பம்மாள் வாயில் அடித்துக்கொண்டாள்.

"கொல்லன் தெருவுல ஊசி விப்பாங்கன்னு கேட்டிருக்கேன். கொல்லனே ஊசி வாங்கினு வர்றத இப்பதான் பாக்குறேன்!"

ஆனாலும் வாங்கிய பொருளை வீணாக்க மனம் வரவில்லை. அன்றைய மீன் குழம்பில் அந்த உப்பையே போட்டாள். முதல் கவளமே மேஸ்திரியின் பல்லில் நறநறத்தது.

"மண்ணு! குப்பு, உப்புல மண்ணு!" புதையல் கிடைத்தவர் மாதிரி துள்ளி எழுந்தார். "மண்ணப் போட்டு வித்தா எவன் வாங்குவான்? நஷ்டத்துக்கு நான் பொறுப்பில்ல. எல்லாம் நிர்வாகம்!"

"நஷ்டமா? இன்னா நஷ்டம்?"

சந்தோஷத்தில் சங்கிலிக் கதை முழுசும் கொட்டிவிட்டது. குப்பம்மாள் விளக்குமாற்றை எடுத்தாள்.

"இரு, இரு! அடி வாங்க வேண்டியவன் நான் இல்ல. மண்ணு கலந்தவன்!"

ஓங்கிய விளக்குமாறு தாழ்ந்தது. ஆனால் கையை விட்டுப் போகவில்லை. மறுநாள் லோடு பார்க்கக் கம்பெனி மேனேஜர் பலராமன் உப்பளத்துக்கு வந்தபோது அதுவும் அவளோடு வந்திருந்தது.

மேஸ்திரி ஆட்களையெல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு வரப்பின் மேல் ஏறி நின்றார்.

"நான் உங்க கம்பெனி முதலாளி கேக்குறேன். நஷ்டத்துக்கு யாருய்யா பொறுப்பு?"

பலராமன் மிரண்டு போனார். "ஒரே ஒரு லோடுல மண்ணு வந்துருச்சுங்க. அரைச்சு பாக்கெட் போட்டு அனுப்புன பிறகுதான் தெரிஞ்சுது. அதுலேர்ந்து கடைக்காரங்க நம்ம சரக்கையே தொடறதில்ல. நிர்வாகம் இன்னாங்க பண்ணும்?"

"அப்ப லோடு ஏத்துனவன்தான் பொறுப்பு! எங்க ஆளுங்களப் பாருங்க. உப்ப மேலாக்கதான் வாருவாங்க. பாத்தி அடியத் தொடமாட்டாங்க. தொட்டா மண்ணு வரும். இது நான் போட்ட சட்டம்! அந்தப் படுபாவி எந்த ஊர்க்காரனா இருந்தாலும், என் நஷ்டம் மொத்தத்தையும் அவனே கட்டணும். சரியா?"

"சரிங்க," என்றார் பலராமன்.

"கட்றதுக்கு முன்னாடி அவன எங்கிட்ட உடுங்க," என்று முந்தானையை இழுத்துச் செருகினாள் குப்பம்மாள். ஆட்கள் கை தட்டினார்கள். மேஸ்திரிக்கு மாலை போடாத குறைதான்.

"ஆனா அது மாசி மாசம் இங்கேர்ந்து வந்த லோடுங்களே," என்று இழுத்தார் பலராமன்.

லோடு ஏற்றும் பக்கிரி தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்தான்.

"ஏன் மேஸ்திரி, ஷேர் வாங்கணும், பாண்டி பஸ்ஸுக்கு நேரமாவுது, அடியோட வாரிப் போட்டு லாரிய அனுப்புங்கடான்னு கத்திட்டு ஓடுனீங்களே, அந்த லோடுங்களா?"