சௌதாமினி டீச்சர் எதிர்ச்சுற்று சுற்றிய படலம்

மின்னலின் பெயர் பூண்டவளே! பின்னக் கணக்கென்னும் பெருங்காட்டில் வழிதவறிய பிள்ளைகளை இருபத்தாறு ஆண்டுகளாக வாய்பாடு என்னும் கோலால் ஓட்டிக் கரை சேர்த்தவளே! பருத்திப் புடவைமேல் கம்பளிச் சட்டையும் பாதத்தில் கறுப்புப் பட்டைச் செருப்பும் அணிந்து காலை ஐந்தரைக்குக் கதவு திறக்கும் சௌதாமினியே! வாழ்க நின் முழங்கால், வாழ்க நின் கெண்டைக்கால், எல்லாவற்றுக்கும் மேலாக வாழ்க நின் இடக் கணுக்கால்! அக்கணுக்காலின் பொருட்டு மூண்ட போரைச் சொல்லப் புகுகிறோம். கேட்போர் காலை நீட்டி உட்கார்ந்துகொள்ளுங்கள். உங்களுக்கும் எங்காவது வலிக்கும்.

திருச்சூருக்கு வடக்கே குன்றுங்காவு என்னும் ஊரில், ஆமை முதுகெனப் புடைத்த மேட்டின் உச்சியில் மகாதேவர் வீற்றிருக்க, அவர் மதிலிலிருந்து நாற்புறமும் சரிந்து இறங்குவது காவு மைதானம். தனுமாதப் பனியைக் கிழித்துக்கொண்டு அங்கே நாள்தோறும் அணிவகுப்பது எண்பது தலைகள் கொண்ட பிரபாத சவாரி சங்கம். ஆனையுமின்றிக் குதிரையுமின்றி, சொந்தக் காலை இழுத்து நடப்பதற்கே சவாரி என்று பெயரிட்ட பெருமக்கள் அவர்கள். மகாதேவர் எந்நேரமும் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும் என்பது அச்சேனையின் எழுதாச் சட்டம். இடக்கைப் பக்கம் அவரை வைத்து நடந்தவர் ஊர் வரலாற்றில் ஒருவருமில்லை. மாதாவையன்றி வேறு தெய்வம் தொழாத திரேசியாம்மாகூட, ஊரோடு ஒத்து வலமே வந்தாள்.

சௌதாமினி ஏன் நடந்தாள்? சர்க்கரை குறைய வேண்டும் என்பது மருத்துவர் எழுதிக் கொடுத்த காரணம். எவரும் எழுதாத காரணம் இன்னொன்று உண்டு. அந்த ஐம்பது நிமிடம் அவளிடம் யாரும் சாயா கேட்பதில்லை. என் கண்ணாடி எங்கே என்பதில்லை. துவைத்த முண்டு எங்கே என்று உள்ளறையிலிருந்து கூவுவதில்லை. இருபத்தேழு ஆண்டு இல்லறப் போரில் அவள் வென்றெடுத்த நிலப்பரப்பு மொத்தமும் அவ்வளவுதான்.

அந்நாட்டின்மேல்தான் படையெடுத்து வந்தது வலி. முதல் நாள் ஒற்றனைப்போல் கணுக்காலின் வெளிப்புறம் பதுங்கியது. பத்தாம் நாள் முன்காலெலும்பின் வழியே கொடியேற்றியது. நாற்பதாம் நாள், மூன்றாம் சுற்று தொடங்கும் முன்பே, செந்தணலில் பழுத்த வேலொன்றைச் செருப்புக்குள் யாரோ நட்டுவைத்தாற்போல் ஒவ்வோர் அடிக்கும் குத்தியது. முறிவெண்ணெய் தேய்த்தாள், தலையணை உறைகளில்தான் மணம் ஏறிற்று. பட்டைத்துணி சுற்றினாள், பட்டைத்துணி அவிழ்ந்தது, வலி அவிழவில்லை.

வாசலில் நாளிதழோடு நின்று அவள் நொண்டி வருவதைக் கண்ட கணவர் முகுந்தன், கருணை பொங்கத் திருவாய் மலர்ந்தார்.

“ஞாயித்துக்கிழமை டிரெட்மில் வந்துரும். அடுக்களை வாசல்லயே போட்டுடலாம். நடந்துக்கிட்டே புட்டு வெந்துச்சான்னு பாத்துக்கலாம் பாரு!”

“எனக்கு வேணாம், ஏட்டா.”

“பின்ன நொண்டிக்கிட்டே ஊரச் சுத்துவியா? சரி, சனிக்கிழமை பாக்கறேன். அன்னைக்கு நேரா நடந்து வந்தா, கடைக்காரன்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன்.”

வென்ற நாடா, அடுக்களையா? இரண்டில் ஒன்று சனிக்கிழமை தெரிந்துவிடும்.

வெள்ளி மாலை, பிசியோ ஜின்சியிடம் போனாள் நம் வீராங்கனை. பிசியோதெரபி படிப்பு முடித்து ஓராண்டுகூட ஆகாத அப்பெண் காலைத் தொடும் முன்பே செருப்பைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

“டீச்சரே, இடது மட்டும் வெளிப்பக்கமா தேஞ்சு கெடக்கு. சரிவுல தெனம் ஒரே பக்கமாவா சுத்தறீங்க?”

“மகாதேவரை வலம்தானே வரணும்?”

“அவருக்குக் கணுக்கால் வலிக்கலையே! ஒரு நாள் அப்படி, ஒரு நாள் இப்படி மாத்தி நடங்க. மெதுவா நடங்க. முதல்ல இந்தச் செருப்பத் தூக்கிப் போட்டுட்டு ஒரு ஷூ வாங்குங்க.”

சனி விடிந்தது. புத்தம்புது வெண்ணிற ஷூ பூண்டு மைதானத்தின் வாயிலில் நின்ற சௌதாமினி, ஆயிரம் தலைமுறையின் பாதம் பதிந்த வலப்பாதையை ஒருமுறை நோக்கினாள். ஒருவரும் நடவாத திசையில் திரும்பி, மகாதேவரை இடக்கைப் பக்கம் நிறுத்தி அடியெடுத்து வைத்தாள். கரைபுரண்டு வரும் ஆற்றை எதிர்த்தேறும் கெண்டைமீன்போல் எண்பது பேரையும் எதிர்கொண்டாள். நாற்பது நாளாக முதுகுகளாகவே கண்டிருந்த சேனையை அன்றுதான் முகமாகக் கண்டாள். கண்டவள் திகைத்தாள். தபால்காரர் இடப்பக்கம் சாய்ந்தார். நகைக்கடை முதலாளி இடப்பக்கம் சாய்ந்தார். காற்றடித்த நெற்பயிர்போல் சேனை மொத்தமும் ஒவ்வோர் அடிக்கும் இடப்பக்கமே சாய்ந்து நிமிர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் சொல்லாமல், எல்லாரும் நொண்டிக்கொண்டிருந்தார்கள்!

அப்போது முழங்கியது ஊதல். ஓய்வுபெற்ற சர்க்கிள் இன்ஸ்பெக்டர், சங்கத் தலைவர், சால்வை போர்த்த சிங்கம் அச்சுதக்குறுப்பு கைகாட்டிச் சேனையை நிறுத்தினார்.

“டீச்சரே! நில்லுங்க! இது என்ன அக்கிரமம்? பகவானை எதிர்ச்சுற்று சுத்தறதா?”

“நான் பகவானைச் சுத்தல, சாரே. சவாரி போறேன்.”

“வலம் வரணும்னு தெரியாதா உங்களுக்கு?”

“காலுல இருக்கறதப் பாருங்க. ஷூ போட்டுக்கிட்டு யாராவது வலம் வருவாங்களா? இத்தன வருஷமா நீங்க செருப்போட வந்தீங்களே, அது வலம்னா அதவிடப் பெரிய பாவம் உண்டா?”

சேனை தத்தம் பாதங்களைக் குனிந்து பார்த்தது.

“ரூல்னு ஒண்ணு இருக்கு, டீச்சரே” என்றார் குறுப்பு, குரல் அரைக்கட்டை இறங்கி.

“சார், உங்க இடது காலுறை ஏன் இவ்வளவு பொடச்சிருக்கு?”

தேர்தலிலும் கலவரத்திலும் கலங்காத அச்சிங்கம் காலைப் பின்னுக்கு இழுத்தது. உள்ளே சுற்றியிருந்த பட்டைத்துணியின் நுனி எட்டிப் பார்த்தது. “அது... பழைய காயம்.”

“எனக்கும் அதே பழைய காயம்தான்” என்று முன்னே வந்தாள் திரேசியாம்மா. “நாலு மாசமா பொறுத்துக்கிட்டேன், குறுப்பு சாரே. மாதா ஒண்ணும் சொல்ல மாட்டா, நான் திரும்பறேன்.” திரும்பினாள். அவளுக்குப் பின் தபால்காரர். அவருக்குப் பின் பன்னிரண்டு பேர். குறுப்பு ஊதலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, மகாதேவரின் கோபுரத்தை நோக்கிக் கும்பிடுவதுபோல் ஏதோ செய்து, யாரும் பார்க்காத நேரத்தில் தாமும் திரும்பினார்.

மூன்று சுற்று. நிதானமாக மூன்றே சுற்று. பின்பு வீட்டுப் படல் கதவிலிருந்து வாசற்படி வரை, நாளிதழுக்கு மேலே இரண்டு கண்கள் அளந்து நிற்க, நாற்பது அடி. ஒன்றுகூடப் பிசகவில்லை. கடிவாளம் அறுத்த வெண்புரவியென, கப்பம் கட்டாத அரசியென, தன் ஐம்பது நிமிடப் பேரரசை நாளையும் மறுநாளும் ஆளப்போகும் செருக்கோடு அவள் படியேற, முகுந்தன் உள்ளே போய்க் கடைக்குப் போன் போட்டு டிரெட்மில் வேண்டாம் என்று சொன்னது தெருமுனை வரை கேட்டது.

மறுநாள் காலை வலது கால் லேசாக வலித்தது, அவள் யாரிடமும் சொல்லவில்லை.