சிரித்தால் பூ விழும்

கலையையும் டெக்னாலஜியையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறுகிற ஓர் இனம் மதுரைப் பக்கம் பெருகிவிட்டது, கவனித்தீர்களா? வாசலில் வாழைமரம் நின்றால் நமக்கு வாழைமரம் தெரியும். அவர்களுக்கு சென்சார் மாட்ட இடம் தெரியும். கோலம் என்றால் மிதித்தவுடன் பாட வேண்டும், குத்துவிளக்கு என்றால் கைதட்டியதும் எரிய வேண்டும், பானை வெறும் பானையாக இருந்தால் "இதுல எக்ஸ்பீரியன்ஸ் எங்கண்ணே?" என்று பானை செய்தவரையே கேட்க வேண்டும். கேட்பார்கள். கேட்டுவிட்டு அவருக்கே வகுப்பும் எடுப்பார்கள்.

திருமங்கலத்து டிசைனர் அசோக்குமார் இந்த இனத்தில் அசல் வித்து. அடுத்தவர் வீட்டு விசேஷத்திலேயே கை சும்மா இருக்காது. சொந்த மகளுக்குக் காதுகுத்து என்றால் விடுவாரா? மண்டப வாசலில் ஒரு பூ வளைவு. அதற்குள் கேமரா. வருகிறவர் சிரித்தால் கேமரா கண்டுபிடித்து, மேலிருந்து ரோஜா இதழ் கொட்டும். சிரிக்காவிட்டால் கொட்டாது. அவ்வளவுதான். அதற்கு மூன்று மாதம் தூங்கவில்லை மனுஷன்.

அன்று காலை வளைவு ஜமாய்த்தது. வாடிப்பட்டிச் சொந்தங்களுக்குக் கொட்டியது, சமையல் மாஸ்டருக்குக் கொட்டியது, வழிதவறி நுழைந்த பக்கத்து மண்டபத்துக்காரருக்கும் கொட்டியது. அசோக்குமாருக்குக் கால் தரையில் பாவவில்லை.

பத்து மணிக்கு, வேன் நிறையச் சீர்த்தட்டோடு, மேளம் முழங்க, பேரையூரிலிருந்து தாய்மாமன் மலையாண்டி வந்திறங்கினார். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். ஆறடி ஆள். வாயே தெரியாத மீசை.

வளைவுக்குக் கீழே நின்றார். ஓர் இதழ்கூட விழவில்லை. ஓரடி தள்ளி நின்றார். தண்ணீர் கேன் தூக்கிவந்தவர் பல்லைக் காட்டியபடி உள்ளே நுழைய, பொலபொலவென்று கொட்டியது. மேளம் நின்றுவிட்டது.

"என்ன மாப்ள, கேன் தூக்குறவருக்கு அம்புட்டுப் பூ, எனக்கு ஒண்ணுங் கெடையாதா?"

"இல்ல மச்சான், கொஞ்சம் சிரிங்க. மீசை மறைக்குது. கேமராவுக்கு வாய் தெரியல."

"என்னது, மீசையவா சொன்ன? டேய், தட்டையெல்லாம் வண்டியில ஏத்துங்கடா!"

அசோக்குமார் ஓடிப்போய்க் கேமராவைத் தட்டிப் பார்த்தார். மாமன் இல்லாமல் ஏது காதுகுத்து? மனைவி தாமரைச்செல்விதான் பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறினாள்.

"நில்லுண்ணே! ஏங்க, ஒங்க கேமராவக் கொண்டுபோய் ஒடப்புல போடுங்க!"

இதழ்ப் பெட்டியைத் திறந்து, இரண்டு கையாலும் அள்ளி அள்ளி அண்ணன் தலையில் கொட்டினாள்.

"இது மரியாத!" என்று மலையாண்டி உள்ளே நடந்தார். சிரித்தாரா? மீசைக்கே வெளிச்சம். பிள்ளை அவர் மடியில் வீறிட்டபோது அசோக்குமாருக்கும் கண் கலங்கியது. அரைமணி நேரம் சாதாரண மனுஷனாகவே இருந்தார், பாவம். பந்தியில் உட்கார்ந்ததும் பக்கத்து இலைக்காரரிடம் ஆரம்பித்துவிட்டார்: "மனுஷக் கை சேர்ந்ததும் எம்புட்டு டச்சிங் பாத்தீங்களாண்ணே? அடுத்த வெர்ஷன்ல வீட்டம்மாவையும் டிசைன்லயே சேத்துருவேன்."

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: மீசைக்காரர்கள் போட்டோ ஓர் ஐந்நூறு காட்டிப் பழக்கியிருந்தால் அந்தக் கேமரா சரியாக வேலை செய்திருக்குமே என்று நடுவில் ஒரு யோசனை ஓடியதா, இல்லையா? ஓடியது என்றால், உங்கள் வீட்டு விசேஷத்துக்கு நான் வரும்போது வாசலை மட்டும் சும்மா விட்டுவையுங்கள்.