பக்கத்துக் கட்டிடத்துச் செயலாளர்

சாவி பாதிக்கு மேல் நுழைய மாட்டேன் என்றது.

கண் பரிசோதகர் அதை வெளியே எடுத்து, சட்டையில் துடைத்து, மறுபடி செருகினார். குடிவந்த சூட்டோடு பூட்டு மக்கர் பண்ணுகிறதே என்று அலுத்துக்கொண்டு, கதவைத் தோளால் ஒரு தள்ளு தள்ளினார்.

"யாரு?" என்றது உள்ளே ஓர் ஆண் குரல்.

அவர் வீட்டில் அவரைத் தவிர ஆண்பிள்ளை கிடையாது. ஆகவே இது அவர் வீடு கிடையாது. ஆனாலும் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கிடைத்த பதவி நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"இந்தக் கட்டிடத்துச் செயலாளர்."

"எங்களுக்கு எதுவும் வேண்டாங்க," என்றது குரல். டிவி சத்தம் கூடியது.

அப்போதுதான் படிக்கட்டின் கைப்பிடியைப் பார்த்தார். நீலம். அவர் கட்டிடத்தில் பச்சை. அடுத்தவர் பார்வையைச் சோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பது அவருடைய தொழில் என்பதை இந்த இடத்தில் பெரிதுபடுத்தாமல் விடுவதுதான் மரியாதை.

குற்றம் முழுக்க அவருடையதும் அல்ல. ஒரே மாதிரி இரண்டு கட்டிடங்கள், நடுவே இடுப்பளவு சுவர். அவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்தது. "சாயங்காலம் கீழ்த்தளத்துல குடியிருப்போர் கூட்டமாம். தெருமுனையில ஒட்டியிருக்காங்க. வேலை முடிஞ்சு அப்படியே போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க," என்று மனைவி போனில் சொல்லியிருந்தாள். அவரும் முதலில் தென்பட்ட வாசலில் நுழைந்துவிட்டார்.

உள்ளே மூன்றே பேர். சாவிக்கொத்தால் மேசையைத் தட்டிக்கொண்டே பேசும் தலைவர். பிளாஸ்கும் பிஸ்கட்டுமாகப் பொருளாளர் அம்மா. எதற்கும் வாய் திறக்காமல், எல்லாத் தீர்மானத்துக்கும் கையை மட்டும் தூக்கும் ஒல்லியான ஒருவர்.

"வாங்க, வாங்க. புதுசா குடிவந்தவரா? எந்த மாடி?"

"மூணாவது சார்."

நாற்காலி வந்தது. டீ வந்தது. "இன்னொரு பிஸ்கட் எடுத்துக்குங்க தம்பி," என்றார் பொருளாளர் அம்மா. இந்த ஊருக்கு வந்த பிறகு அவரை உட்காரச் சொன்ன முதல் மனிதர்கள். கண் கலங்காத குறைதான்.

தண்ணீர் விஷயத்தைச் சொன்னார். தலைவர் சாவிக்கொத்தால் ஓங்கித் தட்டினார்.

"எல்லாத்தையும் பக்கத்துக் கட்டிடம் இழுத்துடுது. ரெண்டுக்கும் ஒரே மோட்டார், ஆனா அது நம்ம பக்கம் இருக்கு. அவங்க வால்வைப் பாதி மூடிட்டா தானா சரியாயிடும்."

"தாராளமா மூடுங்க சார். இதுக்கெல்லாம் தயவு தாட்சண்யம் பாக்கக் கூடாது," என்றார் நம்மவர், வாயில் பிஸ்கட்டோடு.

ஒல்லி மனிதர் கையைத் தூக்கினார். இத்தனை துடிப்பான ஆள் கிடைத்தால் விடுவார்களா? அங்கேயே செயலாளராக்கிவிட்டார்கள்.

இப்போது படியிறங்கிப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கீழே மூவரும் இன்னும் கிளம்பவில்லை. "நீங்க போங்க", "இல்ல, நீங்க முன்னால போங்க" என்று ஒருவரை ஒருவர் அனுப்பிவைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் பின்பக்கமாக நழுவிச் சுவரேறினார். யாரோ புண்ணியவான் சுவரோரம் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து வைத்திருந்தான். அந்தப் பக்கம் இறங்கவும் ஒன்று இருந்தது.

"சொன்னீங்களா?" என்றாள் மனைவி.

"சொன்னேன். செயலாளராப் போட்டுட்டாங்க."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தபின் மீதியை அவரால் சொல்ல முடியவில்லை. அதற்குள் அவள் தன் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டாள்.

மறுநாள் நூலாக வந்த தண்ணீர் சொட்டாக வந்தது.

அடுத்த கூட்டத்தில் சாமர்த்தியமாகச் சரிசெய்துவிடலாம் என்று போனார். "மூணாவது மாடிக்கு இப்ப தண்ணி பிச்சுக்கிட்டுக் கொட்டுது சார். வால்வைப் பழையபடி திறந்து விட்டுடலாம். பாவம், அவங்களும் மனுஷங்கதானே."

தலைவர் யோசித்தார். "பாதி மூடினதுக்கே இவ்வளவு பலன். முழுசா மூடினா எப்படி இருக்கும்?"

"ரொம்ப நல்ல முடிவு," என்ற பொருளாளர் அம்மா டீயை டம்ளருக்கு வெளியே, தலைவரின் சட்டைமேல் ஊற்றினார். ஒல்லி மனிதரின் கை இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக உயர்ந்தது.

"உங்க யோசனையிலேருந்து வந்தது, அவங்களுக்கு அறிவிப்பு உங்க பேர்லயே போகட்டும்," என்றார் தலைவர்.

பேர் போட அவருக்குத் தைரியம் வரவில்லை. 'பக்கத்துக் கட்டிடத்துச் செயலாளர்' என்று மட்டும் கையெழுத்துப் போட்டு, தன் கட்டிடத்து வாசலில் தானே ஒட்டிவிட்டு வந்தார். காலையில் மனைவி அதைப் படித்துவிட்டுப் பொரிந்தாள்.

"பேரைக்கூடப் போடலை பாருங்க. சரியான பயந்தாங்கொள்ளி."

"பயந்தாங்கொள்ளிதான்," என்றார் மனப்பூர்வமாக.

"நம்ம கட்டிடத்துல ஒருத்தரும் வாயைத் திறக்கறதில்ல. நீங்களும் ஒரு செயலாளர்தானே? போய் அவன்கிட்ட நேருக்கு நேர் ரெண்டுல ஒண்ணு பேசிட்டு வாங்க."

அவர் போனார். பெயிண்ட் டப்பாமேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"என்ன சொன்னான்?"

"யோசிக்கிறேன்னான்."

"ஆள் எப்படி?"

"பாத்தா பாவமா இருக்கு."

"நீங்க எப்பவுமே அடுத்தவனுக்குத்தான் பரிஞ்சு பேசுவீங்க. இன்னிக்குக் கூட்டத்துக்கு நானும் வரேன்." கொஞ்சம் நிறுத்தி, தணிந்த குரலில் சொன்னாள்: "இந்த ஊர்ல என்னை ஒரு மனுஷியா மதிச்சு யாருங்க பேசறாங்க? உங்களைச் செயலாளராக்கினாங்களே, அந்த ஒரு சந்தோஷத்துலதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்."

உண்மையைச் சொன்னால் அந்தச் சந்தோஷம் போகும். சொல்லாவிட்டால் குளியல் போகும். போதாக்குறைக்கு, சொன்னால் நாற்காலி போட்டு வைத்துக் காத்திருக்கும் அந்த மூன்று பேரும் போவார்கள். சாயங்காலம் அவள் கிளம்புவதற்குள் சுவரேறி ஓடினார்.

கூட்டம் களையிழந்து கிடந்தது. தலைவர் போன தடவை போட்ட அதே சட்டையில், அதே டீக்கறையோடு இருந்தார். பொருளாளர் அம்மா கீழ்த்தளக் குழாயில் பெரிய பாட்டில்களாக நிரப்பிக்கொண்டே, "செடிக்கு," என்றார். அந்தக் கீழ்த்தளத்தில் செடி எதுவும் இல்லை.

"தலைவரே, என்னை நீக்கிடுங்க," என்றார் கண் பரிசோதகர். நிற்காமல் கொட்டிவிட்டார். "நான் இந்தக் கட்டிடமே இல்ல. தெரியாம நுழைஞ்சுட்டேன். நான் பக்கத்துக் கட்டிடம். நானே என் வீட்டுத் தண்ணியை அடைச்சு, நானே அறிவிப்பு ஒட்டினேன். முதல் நாளே சொல்லியிருக்கணும். நீங்க டீ குடுத்தீங்க. இந்த ஊர்ல வேற யாரும் குடுக்கலை."

தலைவரின் சாவிக்கொத்து மேசைக்கு மேலேயே நின்றுவிட்டது. அவர் பொருளாளர் அம்மாவைப் பார்த்தார். பொருளாளர் அம்மா பாட்டில் மூடியைப் பார்த்தார்.

வாசலில் சத்தம் கேட்டுத் திரும்பினால், கையில் காலி வாளியோடு மனைவி. அவர் சுவரேறியதைப் பார்த்துப் பின்னாலேயே வந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பது வாளி பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

ஒல்லி மனிதர் எழுந்தார். தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார். பிறகு அந்தக் கூட்டத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"உக்காருங்கம்மா, சுவரோரம் அந்தப் பெயிண்ட் டப்பாவை வெச்சதே நான்தான், நாங்க மூணு பேரும் இவரை மாதிரியே அதுல ஏறித்தான் தினமும் உங்க கட்டிடத்துல இருக்கற எங்க வீட்டுக்குத் திரும்பறோம்."